மூன்று புள்ளி எட்டை வீழ்த்திய படலம்

வாழ்க வெர்லின் ஸ்டக்கி! நெப்ராஸ்காவின் சோளக்கடல் நடுவே முப்பத்தோராண்டுக் காலம் மண்சாலைகளின் மேடு சீவிப் பள்ளம் தூர்த்த மாபெரும் பொறியூர்ந்த மன்னவன் வாழ்க! எழுபத்திரண்டு அகவை கண்ட இளங்காளை, நூற்றுப்பத்துக் கிலோ நிறையுடைய நடமாடும் குன்றம், மழைவரவை இரண்டு நாள் முன்னதாகவே தன் இடமுழங்காலால் அறியும் தீர்க்கதரிசி, இருபது ஆண்டுகளாக ஒரே தொப்பியை அணிந்தும் அதன் நிறம் என்னவென்று எவரும் சொல்ல முடியாத பெருமையன், அவன் வாழ்க!

தரையிலிருந்து இருநூறு கல் உயரத்தில் கண்ணுக்குப் புலப்படாமல் விரிந்து, ஓரூரில் எறிந்த சொல்லை ஏந்தி மற்றோரூரின் தலையில் போடும் அயனிப் படலத் தாயே, நீயும் வாழ்க! அன்று அவன் பட்ட பாட்டுக்குப் பழி உன்மேல் இல்லை. பழி எங்கே ஒளிந்திருந்தது என்பதை உரிய இடத்தில் உரைப்பேன்.

பனிக்காலம் வந்ததும் வடநாட்டுக் கிழவர் கிழவியரெல்லாம் வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு இறங்கிவரும் அரிசோனாப் பாலைவனத்தில், குவார்ட்சைட் ஊருக்குத் தெற்கே, கைதூக்கி நிற்கும் சகுவாரோக் கள்ளிகளின் காவலில், நாங்கள் ஓராயிரம் வண்டிகள் பாளையமிறங்கியிருந்தோம். அந்தச் சேனையின் மேற்கு ஓரத்தில் நின்றது வெர்லினின் வீட்டுவண்டி. முப்பத்திரண்டடி நீளம், படுக்கை, அடுப்பு, குளியலறை அனைத்தும் உண்டு, உடலோ முழுக்கக் கண்ணாடியிழை. பழுப்பும் வெண்மையுமாக அது காலைவெயிலில் நின்ற கோலம், போருக்கு அணிசெய்யப்பட்ட பட்டத்து யானை சற்றே அஜீரணத்தால் வருந்தி நிற்பதை ஒத்திருந்தது.

அவ்வண்டியின் முதுகில், பின்பக்க பம்பருக்குமேல் நீட்டிய எஃகுக் கையொன்றில், விண்ணை நோக்கி நிமிர்ந்திருந்தது வெர்லினின் படைக்கலம். அடியில் செப்புச்சுருள், அச்சுருளை நீட்டவும் குறுக்கவும் ஒரு சிறு மோட்டார், மேலே எட்டடிச் சாட்டைக்கம்பி. வீட்டிலிருந்தபடியே வானலையில் முகமறியாதாரோடு பேசும் ஹாம் ரேடியோ எனும் பெருந்தவத்தில் ஈடுபட்டோர் இதனை ஆண்டெனா என்பர். வெர்லினின் மனையாள் அர்லீன் இதனை "அந்தக் குச்சி" என்பாள்.

ஆண்டெனாவைச் சுதி சேர்க்காமல் பேசினால் அனுப்பிய ஆற்றல் வானேறாது. பாதி வழியில் திரும்பி, அனுப்பியவன் முகத்திலேயே அறையும். அந்த அறையின் அளவைக் காட்டும் எண்ணுக்கு நிலையலைத் தகவு என்று பெயர். ஒன்றென்றால் வெற்றி. ஒன்றரை என்றால் மானம் பிழைத்தது. அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மீட்டரின் முள் காட்டிய எண் மூன்று புள்ளி எட்டு.

மூன்று புள்ளி எட்டு! அவ்வரக்கன் மூன்று குளிர்காலமாக அங்கேயே குடியிருந்தான். இத்தனை நாளும் அவனோடு சமரசமாய் வாழ்ந்த வெர்லின் அன்று மட்டும் ஏன் படையெடுத்தான் என்றால், காரணம் ஓப்பல்.

ஓப்பல் அவன் அக்காள். எண்பத்துநான்கு வயது; ஐடஹோ மாநிலம் பொக்கட்டெல்லோவில் தனியே வாழ்பவள்; பதினெட்டு வயதில் உரிமம் பெற்று அறுபத்தாறு ஆண்டுகளாக வானலையில் வீற்றிருந்து அரசு செலுத்துபவள். பேசியவர் பெயரையெல்லாம் தேதி நேரத்தோடு நோட்டுப்புத்தகங்களில் எழுதி, இருபத்தொன்பது நோட்டுகளை அலமாரியில் அடுக்கியிருந்தாள். அவள் மறுநாள் முதியோர் இல்லம் புகுகிறாள். அந்த இல்லத்தின் கூரையில் கம்பி கட்ட அனுமதியில்லை. ஆகவே சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு உள்ளூர் ரேடியோ நண்பர்கள் வந்து, அவள் வீட்டுக் கம்பத்தை இறக்குவதாக ஏற்பாடு. பத்தரை முதல் பதினொன்றுவரை அவளுடைய கடைசி அரைமணி. அதில் யார் வேண்டுமானாலும் அழைக்கலாம்.

மூன்று குளிர்காலமும் தம்பி தன் வண்டியிலிருந்து அழைத்தபோதெல்லாம் அவளுக்கு ஒழுங்காகக் கேட்டதில்லை. சென்ற வாரம் தொலைபேசியில் அவள் சொன்னது, காய்ச்சிய கம்பியாய் அவன் செவியில் இறங்கிக் கிடந்தது.

"டேய் பொடியா, அந்த வண்டியில இருந்து நீ பேசினா தகர டப்பாக்குள்ள வண்டு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்குடா. அடுத்த சனிக்கிழமை வேற எங்கேருந்தாவது பேசு. உன் குரலக் கேட்டுட்டு மூடணும்னு பாக்கறேன்."

ஆகவே வெர்லின் கதிரவன் எழும் திசைநோக்கி நின்று, மீசை துடிக்க, திருப்புளி ஏந்திய வலக்கையை வானில் உயர்த்தி, கள்ளிகளும் கரட்டு மலைகளும் கேட்க வஞ்சினம் மொழிந்தான்:

"இன்னிக்கு இந்த வண்டியில இருந்துதான் பேசுவேன். இல்லேன்னா இத வித்துட்டு ஊர் போய்ச் சேருவோம்."

"காபி ஆறுது," என்றாள் அர்லீன்.

அர்லீனின் பணி சன்னலருகே அமர்ந்து மீட்டரைப் படித்துச் சொல்வது. ஐம்பத்திரண்டு கிலோ எடையும் அதற்குப் பொருந்தாத குரலும் உடைய அவள், நாற்பத்தைந்து ஆண்டு இல்லறத்தில் ஒருமுறைகூட மைக்கைக் கையால் தொட்டதில்லை. அவளுக்கும் ஓப்பலுக்கும் இடையே பேச்சும் இல்லை. காரணம், எழுபத்தொன்பதாம் ஆண்டு ஜூன் மாதம் நாலாம் சனிக்கிழமை நடந்த திருமணத்துக்கு ஓப்பல் வரவில்லை. அந்த வார இறுதியில் நாடெங்கும் ஹாம்கள் கூடாரமடித்து, வானலையில் அதிகம் பேரோடு பேசுவது யாரென்று போட்டிபோடும் திருநாள் வந்தது. ஓப்பல் கூடாரத்துக்குப் போனாள். ஓப்பலுக்குப் போகும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் அன்றுமுதல் இன்றுவரை வெர்லின் ஒருவனே கையொப்பமிட்டு வருகிறான்.

போர் தொடங்கிற்று.

முதற்கண் அவன் சுருளை நீட்டினான், அரக்கன் நகரவில்லை. சுருளைக் குறுக்கினான், அரக்கன் நாலுக்கு ஏறி நகைத்தான். கேபிளை மாற்றினான், இணைப்புகளைக் கழற்றித் துடைத்து மாட்டினான், சாட்டைக்கம்பியில் விரலளவு வெட்டினான், வெட்டியது தவறென்று கண்டு வெட்டிய துண்டைக் கையில் வைத்துப் பெற்ற பிள்ளையை இழந்தவன்போல் நோக்கினான். பின்னர், தரைத்தொடர்பு போதாமையே குறை என்று துணிந்து, பதினாறு செப்புக்கம்பிகளை வண்டியின் பின்னிருந்து எண்டிசையும் கதிர்போல் மணலில் விரித்தான். கம்பிகளின் குறுக்கே ஒரு காட்டுமுயல் வந்து, நின்று, ஒன்றை முகர்ந்து, வெறுப்போடு சென்றது. உலர்ந்த துணி எடுக்கப் போன அர்லீனின் கால் ஒன்பதாவது கம்பியில் சிக்க, அவள் விழாமல் தப்பியது இறைவன் செயல்.

"வெர்லின்! நான் செத்தப்புறம் பதினேழாவது கம்பிய என்மேல போடு!"

"முள்ளு எதுல நிக்குது?"

"மூணு புள்ளி எட்டு."

ஒன்பது மணியளவில், மூன்று வண்டி தள்ளிக் குடியிருக்கும் டாய்ல் டிரஸ்கல், கைத்தடி ஊன்றியவண்ணம் களம் புகுந்தான். ஒரேகனிலிருந்து வந்தவன், நவம்பரில் இடுப்பெலும்பு மாற்றியவன், நாற்பதடிக் கம்பமும் அதன்மேல் பிழையற்ற கம்பியும் உடையவன். தன் மடக்கு நாற்காலியைத் தானே கொண்டுவந்து, தானே விரித்து, காட்சி நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்து அமர்ந்தான்.

"என்ன வெர்லின், ஸ்பகெட்டி காயப் போட்டிருக்கியா?"

வெர்லின் விடை பகரவில்லை. மாவீரர் ஏளனத்துக்கு விடை பகர்வதில்லை. மேலும் அவன் வாயில் இரண்டு திருகாணிகள் இருந்தன.

"எதுக்கு இந்தக் கஷ்டம்? என் ரேடியோல வந்து உக்காரு. ஒண்ணு புள்ளி ஒண்ணுல இருக்கு. பொக்கட்டெல்லோ பக்கத்து அறை மாதிரி கேக்கும்."

அஃதன்றோ சோதனை! பாலையில் நாவறண்டு தவிப்பவன்முன் பனிக்கட்டி மிதக்கும் கோப்பையை நீட்டினாற்போல் டாய்ல் அதை நீட்டினான். வெர்லின் டாய்லின் நாற்பதடிக் கம்பத்தை அண்ணாந்து நோக்கினான். பின் அவன் திருகாணிகளை உமிழ்ந்து, "என் அக்கா என் வண்டியத்தான் கேக்கணும்," என்று முழங்கி, அலுமினிய ஏணியை எடுத்தான்.

சுருளின் உச்சியிலுள்ள திருகை முடுக்கவேண்டியே அவன் ஏணி எடுத்தது. ஏணியின் அடிக்காலை வண்டியின் இழுவைக் கொக்கியில் அண்டக்கொடுத்து, தலையை ஆண்டெனா தாங்கும் எஃகுக் கைமேல் சாய்த்து, படி ஒவ்வொன்றும் முனக, நூற்றுப்பத்துக் கிலோவும் மேலேறிற்று. திருகை அவன் இன்னும் தொடவில்லை. அப்போது சன்னலிலிருந்து வந்தது ஒரு குரல்.

"ஒண்ணு புள்ளி ரெண்டு!"

"என்னது?"

"ஒண்ணு புள்ளி ரெண்டு வெர்லின்! என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல!"

டாய்ல் நாற்காலியிலிருந்து எழுந்தான்; எழுந்தது இடுப்பு மாற்றிய பிறகு அவன் செய்த முதல் விரைவான செயல். வெர்லின் ஏணியிலிருந்து பாய்ந்திறங்கி, படிக்கட்டேறி, மூச்சிரைக்க வண்டிக்குள் புகுந்து, பெறற்கரும் பேறு பெற்றவனாய் மீட்டரின்முன் முழந்தாளிட்டான். முள் மூன்று புள்ளி எட்டில் நின்றது.

மீண்டும் ஏறினான், ஒன்று புள்ளி இரண்டு. மீண்டும் இறங்கினான்; மூன்று புள்ளி எட்டு. ஏறுதலும் இறங்குதலும் ஐந்துமுறை நிகழ்ந்தன. வியர்வை அருவி தொப்பியின் விளிம்பினின்று வீழ்ந்து, அத்தொப்பியின் நிறத்துக்கு மேலுமொரு படலம் சேர்த்தது. ஆறாம் முறை அவன் இறங்கமுயல, அர்லீன் சன்னல்வழியே தலைநீட்டி, அறிவியல் வரலாற்றில் இடம்பெறத்தக்க கூற்றை மொழிந்தாள்:

"கோளாறு குச்சில இல்ல. நீ ஏணியில நின்னா வேலை செய்யுது. இறங்கினா செய்யல. அவ்வளவுதான்."

அவ்வளவேதான்! டாய்ல் குனியமுடியாமல் குனிந்து பம்பரை ஆராய்ந்தான். ஆண்டெனாவைத் தாங்கும் எஃகுக் கை, கண்ணாடியிழை உடலோடுதான் திருகப்பட்டிருந்தது. அதற்கும் வண்டியின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே பளபளக்கும் பெயிண்டு வேலிகட்டியிருந்தது. மூன்று குளிர்காலப் பழியும் அந்தப் பெயிண்டில்தான் ஒளிந்திருந்தது. வெர்லின் ஏறியதும் அவன் எடையால் ஏணி மேலே கையையும் கீழே சட்டத்தோடு பிணைந்த கொக்கியையும் அழுத்தி இரண்டையும் இணைத்துவிட்டது.

"பெயிண்டச் சுரண்டிட்டு ஒரு செப்புப் பட்டை போட்டாப் போதும்," என்றான் டாய்ல். "ஒரு மணி நேர வேலை."

அப்போது மணி பத்து நாற்பத்தொன்று.

காலம் எனும் கூற்றுவன் களத்தில் இறங்கினான். ஏணிமேல் வேறெவரையேனும் ஏற்றலாமோ? டாய்லின் புதிய இடுப்பு அதற்கு இசையாது. அர்லீன் வெளியே வந்து கடகடவென்று ஏறினாள். வெர்லின் உள்ளே ஓடி முள்ளைப் பார்த்தான். இரண்டு புள்ளி ஒன்பது. ஏணி அவளை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. இருபது லிட்டர் தண்ணீர்க் கேனை அவள் தோளில் மாட்டலாமா என்று டாய்ல் வினவ, அவள் பார்த்த பார்வையில் அவன் மீண்டும் நாற்காலியில் அமர்ந்தான். மைக்கின் கம்பியோ நான்கடி, ஏணிவரை எட்டாது. நாற்பதடி ஏற்றத்தாழ்வுள்ள சாலைகளைப் பலகைபோலாக்கிய பெருவீரன், தன் எடையே தன் பகையாய், தன் எடையே தன் துணையாய், வண்டிக்கும் ஏணிக்கும் நடுவே மணலில் நின்று, தோள் தளர்ந்தான்.

"சரி டாய்ல்," என்றான் மெல்ல. "உன் ரேடியோவப் போடு. வரேன்."

அவன் குரல் அவ்வாறு தாழ்ந்து அர்லீன் கேட்டது, அவர்கள் நாய் இறந்த ஆண்டில்தான். அவள் ஏணியிலிருந்து இறங்கினாள். கணவனின் கைப்பிடித்து ஏணிப்பக்கம் திருப்பினாள்.

"ஏறு."

"ஏறினா யாரு பேசறது?"

"நான் பேசறேன்."

அயனிப் படலமே ஒருகணம் அசைவற்றது என்றே சொல்வேன்.

"நீயா? ஓப்பல்கிட்டயா?"

"காலையில ஏழு மணில இருந்து மூணு புள்ளி எட்டு, மூணு புள்ளி எட்டுன்னு கத்தறேன். இப்ப ஒண்ணு புள்ளி ரெண்ட விட்டுட்டு அடுத்தவன் வண்டிக்குப் போவியா? ஏறு வெர்லின்!"

"வேணும்னா நான் உங்க மைக்ல பேசட்டுமா?" என்று டாய்ல் எழப்பார்த்தான். "எனக்கு லைசென்ஸ் இருக்கு."

"அது எங்க மைக்," என்றாள் அர்லீன்.

உரிமமுடையவன் அருகிருந்து கண்காணிக்க, உரிமமில்லாதார் பேசலாம் என்பது விதி. ஏணியில் நின்றவாறு கண்காணிக்கலாகாது என்று விதியில் எங்கும் இல்லை. ஏணிமேல் நிற்பவன் வறுபடாதிருக்க, ஆற்றல் நூறு வாட்டிலிருந்து இருபதாகக் குறைக்கப்பட்டது. வெர்லின் ஏறினான். கீழே கொக்கியும் மேலே கையும் அவன் பாரத்தில் கூடின. பத்து நாற்பத்தொன்பதுக்கு அர்லீன், நாற்பத்தைந்து ஆண்டுகள் சுவர்வழியே கேட்டுக் கேட்டு மனப்பாடமான தன் கணவனின் அழைப்புக்குறியை, ஸ்டக்கி என்ற பெயரோடு சேர்த்து, கடைத்தெருவில் பெயர்சொல்லிக் கூப்பிடுவதுபோல் ஓங்கி உச்சரித்து, ஓப்பலை அழைத்தாள்.

இரைச்சல். நாலு மாநிலங்களிலிருந்து ஓப்பலுக்கு விடைகொடுக்க முண்டியடித்த குரல்கள். பின் அனைத்தையும் ஒதுக்கிக்கொண்டு, எழுநூறு கல் கடந்து, கரகரத்த ஒரு கிழக்குரல்:

"எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க. ஸ்டக்கின்னு கேட்டுச்சு. பொம்பளக் குரல். யாரும்மா அது? ஓவர்."

"அர்லீன்."

பேசி முடித்ததும் ஓவர் என்று சொல்லவேண்டும் என்பதும், பொத்தானை விடவேண்டும் என்பதும் அவளுக்கு நினைவுவர ஐந்து நொடி ஆயிற்று.

"அர்லீனா?" என்றது குரல். "பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்கே! வண்டியில இருந்தா? பொடியன் எங்க? ஓவர்."

"பின்னாடி ஏணிமேல நிக்கறான். அவன் நின்னாத்தான் குச்சி வேலை செய்யுது. இறங்கினா நீங்க போயிருவீங்க. ஓவர்."

"அப்ப இறங்க விடாதே. ஓவர்."

கூரைப்பக்கமிருந்து இடிபோல் ஒரு முழக்கம் எழுந்தது: "நான் நல்லாருக்கேன்னு சொல்லு! எப்படிக் கேக்குதுன்னு கேளு! கம்பத்தை இறக்குறவங்க பாத்து இறக்கணும்னு சொல்லு!" அர்லீன் சன்னலைச் சாத்தினாள், சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"அர்லீன்," என்றாள் ஓப்பல். "இத எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்காங்க, எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிர்றேன். உன் கல்யாணத்துக்கு நான் வந்திருக்கணும். அப்ப எனக்குப் புரியல. புரிஞ்சப்போ சொல்ல வெக்கமா இருந்துச்சு. அப்புறம் ரொம்ப நாளாயிடுச்சு. ஓவர்."

அர்லீன் மைக்கைப் பார்த்தாள். சன்னலுக்கப்பால் மணலில், டாய்ல் தன் கைவானொலியைக் காதோடு சேர்த்துக்கொண்டு தரையைப் பார்த்தவாறு அமர்ந்திருந்தான். கண்ணாடி வழியே ஏணியும், ஏணியின் படியில் ஒரு பெரிய பழைய பூட்ஸும் தெரிந்தன. ஏழு மணியிலிருந்து நாலு மணிநேரம் அந்தப் பூட்ஸ் பாலைவனத்தைச் சுற்றியிருக்கிறது.

"அந்த வருஷம் போட்டியில எத்தனையாவதா வந்தீங்க?" என்றாள். "ஓவர்."

"நாப்பத்திமூணாவது," என்றாள் ஓப்பல். "மழை பேஞ்சு கூடாரமே விழுந்துருச்சு."

அர்லீன் சிரித்தாள். பொத்தானை அழுத்தியவாறே சிரித்ததால் அச்சிரிப்பு நாலு மாநிலங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. யூட்டாவில் யாரோ, மொன்டானாவில் யாரோ, ஒருவரையொருவர் மறித்துக்கொண்டு சிரித்தார்கள். பின் அர்லீனும் ஓப்பலும் பேசினார்கள். முதியோர் இல்லத்தின் அறை கிழக்குப் பார்த்தது என்றாள் ஓப்பல். அங்கே உப்பில்லாமல் சமைப்பார்களாம் என்றாள். நோட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப்போகலாமா என்று அர்லீன் கேட்க, இருபத்தொன்பதையும் கட்டிலுக்கடியில் வைக்க அனுமதி வாங்கிவிட்டதாகச் சொன்னாள்.

"வாசல்ல வண்டிச் சத்தம் கேக்குது. வந்துட்டாங்க," என்றாள் பத்து ஐம்பத்தெட்டுக்கு. "கடைசி வரில உன் பேர எழுதறேன். எழுத்துக்கூட்டிச் சொல்லு, தப்பா எழுதிரக்கூடாது."

அர்லீன் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். மறுமுனையில் பேனா நகரும் நேரம் மட்டும் இரைச்சல் கேட்டது.

"அவன் பேரும் எழுதறேன்," என்றாள் ஓப்பல். "பக்கத்துல ஏணின்னு போட்டுக்கறேன். பொடியன்கிட்ட சொல்லு, நல்லா நின்னான்னு. பதினொண்ணு ஆகுது. எல்லாருக்கும் நன்றி. நான் நிறுத்திக்கறேன்."

அலை அடங்கிற்று. அர்லீன் மைக்கை அதன் கொக்கியில் மாட்டி, சன்னலைத் திறந்து, அக்காள் சொன்னதை அப்படியே தம்பிக்கு உரைத்தாள். வெற்றிமுரசு கொட்டவில்லை, வாகைமாலை சூட்டுவாரில்லை, டாய்ல் மட்டும் தன் தொப்பியைக் கழற்றி மடிமேல் வைத்துக்கொண்டான். வடதிசையில் எழுநூறு கல்லுக்கப்பால் ஒரு கம்பம் கயிறுகளில் மெல்லச் சாய்ந்துகொண்டிருந்த அந்நேரம், அரக்கனை வீழ்த்தி, வானலையில் ஒரு சொல்லும் தான் பேசாமல், தன் நூற்றுப்பத்துக் கிலோவால் மட்டுமே தன் அக்காளை அர்லீனோடு பேசவைத்த பெருந்தகை, இனி இறங்கலாம் என்று மனைவி இருமுறை சொல்லியும் இறங்காமல், இருகையாலும் ஏணியின் மேற்படியை இறுகப்பற்றி, கள்ளிகளுக்கும் கரட்டு மலைகளுக்கும் முதுகுகாட்டி, வானளாவிய சாட்டைக்கம்பியின் நிழல் தன் தோள்மேல் விழ, அசையாது நின்றுகொண்டேயிருந்தான்.

பதினொன்றே காலுக்கு இறங்கிவந்து தக்காளி சூப் குடித்தான்.